புத்தாண்டை ஆடிட் செய்தவர்

புத்தாண்டைக் கெடுப்பதில் எங்கள் 'ரீவொர்க்' அண்ணனை மிஞ்ச ஓசூரில் மட்டுமல்ல, எல்லை தாண்டி கர்நாடகாவில் தேடினாலும் ஆள் கிடைக்காது.

வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நானும் சாதிக்கும் அங்கேயே மெஷின் ஓட்டினோம். மூவருக்கும் ஒரே வாடகை ரூம். பழுதான பாகத்துக்குச் சிவப்பு டேக், 'ரீவொர்க்' செய்து திருத்தி எடுக்கலாம் என்றால் மஞ்சள் டேக். இதுதான் அவர் வேலை. டூட்டி முடிந்தாலும் டேக் கட்டு சட்டைப் பையிலேயே இருக்கும். எங்கள் ரசத்துக்கு மஞ்சள். சாதிக்கின் மீசைக்கு மஞ்சள். ஹவுஸ் ஓனர் நாயின் கழுத்தில் சிவப்பையே மாட்டிவிட்டு, "குரைக்கிற சத்தம் லிமிட்ட தாண்டுதுப்பா" என்றார்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் ஆடிட். போன வருடத் தீர்மானத்தை எழுதிய தாளோடு அவர் முன்னால் நிற்க வேண்டும். கம்பெனியில் தப்பு நடந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூலக் காரணத்தைப் பிடிப்பார்கள். அந்தச் சித்திரவதை எங்களுக்கும் உண்டு. ஒரு தடவை நான் மாட்டினேன்.

"சிகரெட்ட விடறேன்னு எழுதியிருக்க. ஏன் விடல?"

"டீ குடிச்சா கை தானா போயிடுதுண்ணா."

"ஏன் அவ்ளோ டீ?"

"தூக்கம் வருது."

"ஏன் வருது?"

"நைட் ஷிஃப்ட்."

"ஏன் நைட் ஷிஃப்ட்?"

"பகல்ல செஞ்சதெல்லாம் நீங்க ரிஜெக்ட் பண்ணிட்டீங்க. திரும்பச் செய்யறோம்."

ஐந்தாவது 'ஏன்' தேவைப்படவில்லை. மூலக் காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சமும் கூசாமல் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார். என் ஷிஃப்ட் மட்டும் மாறவில்லை.

ஒரு வருடம் சாதிக் துணிந்துவிட்டான். "உங்க தாளக் காட்டுங்கண்ணா."

"ஆடிட்டருக்கு ஏதுப்பா ஆடிட்?"

தலையணைக்கு அடியிலிருந்து சாதிக் உருவி எடுத்தான். ஆறு வருடமாக ஒரே வரியை அடித்து அடித்து எழுதியிருந்தார்: தம்பியிடம் பேச வேண்டும்.

தம்பிக்கு குருபரப்பள்ளியில் டயர் கடை. ஆறு வருடம் முன்பு அவர் புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தபோது இவர் போயிருக்கிறார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிலைவாசலில் தொடங்கி சமையல்மேடை வரை குறை எழுதிய பதினாலு சிவப்பு டேக் மாட்டிவிட்டார். வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்தார்களாம். அன்றோடு பேச்சு நின்றது.

சாதிக் விடவில்லை. "ஏன் பேசலண்ணா?"

"போன் பண்ணா எடுக்க மாட்டான்."

"ஏன் எடுக்க மாட்டாரு?"

"தெரியல. பண்ணிப் பாக்கல."

"ஏன் பண்ணல?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "எடுத்து, யாருன்னு கேட்டுட்டா?"



அன்றைக்கே டேக் கட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு குருபரப்பள்ளிக்கு பஸ் ஏறினோம். சூளகிரி தாண்டுவதற்குள், "இறங்கிடலாமாப்பா?" என்று மூன்று முறை கேட்டார்.

தம்பி கதவைத் திறந்தார்.

"உள்ள வா. எதையும் பாக்காத."

பார்க்கவில்லை. சுவரையோ கூரையையோ ஏறிட்டும் பார்க்காமல், குனிந்த தலையோடு தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். தம்பி மனைவி குழம்பு ஊற்றிவிட்டு, "உப்பு சரியா இருக்கா மாமா?" என்று கேட்டார். தம்பியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நாங்களும் அதே குழம்பைத்தான் வாயில் வைத்திருந்தோம். உப்பு போடவே மறந்திருந்தார்கள்.

"நல்லா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அந்தப் பொய்யைக் கேட்டபோதுதான், இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரிந்தது.