சிரிங்க சார் தேர்ந்தெடுத்த லேப்டாப்

திங்கட்கிழமை காலை, சிரிங்க சார் சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டி ஒரு பிரகடனம் செய்தார். தட்டிய வேகத்தில் உப்பு ஜாடி கவிழ்ந்தது. அதை நிமிர்த்தி, சிந்திய உப்பைத் துடைத்துவிட்டுத்தான் பிரகடனத்தைத் தொடர முடிந்தது.

"இந்த வீட்டு சோபாவை நீ தேர்ந்தெடுத்தே. திரைச்சீலையை நீ தேர்ந்தெடுத்தே. என் சட்டை, என் செருப்பு, இதோ என் மூக்குல உட்கார்ந்திருக்கிற கண்ணாடி, எல்லாமே நீதான். ஆனா லேப்டாப் என் தொழில். அதை நான்தான் தேர்ந்தெடுப்பேன். நான் மட்டும்!"

"சரிங்க" என்றாள் மனைவி.

பெரிய சண்டைக்கு மூச்சை இழுத்துப் பிடித்து வைத்திருந்தவருக்கு இது ஏமாற்றமாகப் போய்விட்டது. இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் ஆறிப்போன காப்பியை ஊதினார்.

அவருடைய உண்மைப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. பதினெட்டு வருஷமாகக் கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது. மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். ஊரே அவளிடம்தான் துணி கொடுக்கும். துணியைத் தொட்டுப் பார்க்காமல், வாசலில் பிடித்துக் காட்டினாலே போதும், அதே நிற நூலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவாள்.

பழைய லேப்டாப்பின் கதை பரிதாபமானது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். அடுத்த படத்துக்குள் தலையும் துவட்டிவிடலாம். அதன் விசிறி போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டி, "சார், விமானம் எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்று கேட்பார். சூடு வேறு. மனைவியின் இஸ்திரிப் பெட்டி பழுதான அன்று, இந்த லேப்டாப்பின் அடியில் இரண்டு கைக்குட்டையை வைத்து எடுத்தாள். மடிப்புக் கலையாமல் வந்தது.

இத்தனையையும் சிரிங்க சார் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு புது மணப்பெண் போன் செய்தாள்.

"சார், கல்யாணத்தன்னிக்கு நான் போட்டிருந்த டிரெஸ் என்ன கலர்?"

"ஆரஞ்சும்மா. ஜம்முனு இருந்துச்சு."

"அரக்கு சார்! அரக்கு! நான் கல்யாணப் பொண்ணா, சிக்னல் விளக்கா?"

விஷயம் இதுதான். லேப்டாப் திரைக்கு வயதாகிவிட்டது. அது காட்டும் நிறமெல்லாம் பொய். அந்தப் பொய்யைப் பார்த்துப் பார்த்து, சரியாக இருந்த எண்ணூறு படத்தையும் சிரிங்க சார் 'திருத்தி' அனுப்பிவிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்ல வருவேன் சார். என் டிரெஸ் எனக்குத் திரும்ப வேணும். இல்லேன்னா என் தங்கச்சி கல்யாணத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

அதனால்தான் மறுநாள் காலை பிரகடனம், உப்பு ஜாடி எல்லாம்.

புது லேப்டாப்பின் விலையைக் கேட்டதும் சிரிங்க சார் சிரிப்பதையே நிறுத்திவிட்டார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை இருந்தது. ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய லேப்டாப்களை வாங்கி, பழுது பார்த்து, புதுப்பித்து, ஒரு வருஷ உத்தரவாதத்தோடு விற்பார்கள். செவ்வாயன்று ஒரு பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிற வேலை. புதன்கிழமைதான் அவரால் கடைக்குப் போக முடிந்தது.

உள்ளே நுழைந்ததும் காதல் வந்துவிட்டது.

கறுப்பு நிறம். செங்கல் கனம். மூடியில் வாயைப் பிளந்த ஒரு புலி. திறந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்குகள் ஓடிப்பிடித்து விளையாடின. விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்தது என்று அட்டையில் எழுதியிருந்தது. சிரிங்க சார் அந்த அட்டையை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. வங்கி கார்டின் ரகசிய எண் மனைவியுடையது.

கடைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வீட்டுக்காரியோட வருவேன். அவ ஏதாவது மங்கலா, சாதுவா ஒண்ணைக் காட்டி இது போதும்னு சொல்லுவா. அப்போ நான் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பேன். உடனே நீங்க, 'போட்டோ தொழிலுக்கு இந்தப் புலியை விட்டா வேற கதியில்லை'ன்னு அடிச்சுச் சொல்லணும். சரியா?"

கடைக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்க வீட்டுல தையல் மிஷின் இருக்கா சார்?"

"இருக்கு. ஏன்?"

"சட்டையில நூல் ஒட்டியிருக்கு. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை தம்பதி சமேதராகப் போனார்கள். சிரிங்க சார் ஒரு கையைக் கண்ணாடியின் மேலேயே வைத்திருந்தார். எந்த நொடியிலும் துடைக்கத் தயார்.

மனைவி நேராகப் புலியிடம் போனாள்.

"ஐயோ, எவ்வளவு அழகு!"

கண்ணாடியைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது.

"என்னங்க, இதையே எடுத்துக்கலாம்."

"என்னது?"

"எப்படி மினுக்குது பாருங்க! சாயங்காலம் ஹால்ல லைட்டே போட வேண்டாம்."

சிரிங்க சார் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எந்தப் பொருளையும் பார்த்த மாத்திரத்தில் அவள் அழகு என்று சொன்னதே கிடையாது. அந்தப் பட்டியலில் அவரும் அடக்கம்.

"உனக்கு... நிஜமாவே பிடிச்சிருக்கா?"

"ரொம்ப. என் தம்பிக்கும் பிடிக்கும். லீவுக்கு வந்தா இதை வச்சு விளையாடிட்டே இருப்பான். வெளியவே போக மாட்டான்."

விளங்கிவிட்டது! இரண்டு நாளைக்கென்று வந்து இரண்டு வாரம் சோபாவில் படுத்துக் கிடக்கும் மச்சினன் அவர் கண் முன்னே வந்து நின்றான். மடியில் புலி. பக்கத்தில் முறுக்கு டப்பா. அக்காவும் தம்பியும் போனிலேயே திட்டம் போட்டிருக்கிறார்கள்! சிரிங்க சாரின் காதல் அந்த இடத்திலேயே செத்தது.

"இது சரிப்படாது" என்றார்.

"ஏங்க?"

"கனத்தைப் பாரு. மண்டபம் மண்டபமா இதைத் தூக்கிட்டு அலைஞ்சா என் தோள் கழண்டுடும். பேட்டரி ரெண்டு மணி நேரம் கூட நிக்காது. இதோட திரை வேகத்துக்குச் செஞ்சது, நிறத்துக்குச் செஞ்சதில்லை."

"நிறத்துக்குன்னு தனியா திரை இருக்கா என்ன?" மனைவி கண்ணை அகல விரித்தாள்.

இப்படி ஒரு கேள்விக்காகச் சிரிங்க சார் பத்தொன்பது வருஷம் காத்திருந்தார். வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். பாடம் நடத்த ஒரு பொருள் வேண்டுமே? மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. மூடியில் ஒரு கீறல். அதை எடுத்துத் திறந்தார்.

"இதோ, இந்த மாதிரி இருக்கணும்."

"இதுவா? தகர டப்பா மூடி மாதிரி இருக்கே."

"வெளித்தோற்றத்தைப் பார்க்காதே. மெமரி பதினாறு ஜிபி!"

"அவ்வளவா? நம்ம கல்யாண நாளையும் ஞாபகம் வச்சுக்குமா?"

சிரிங்க சார் அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி அடுத்த பாடத்துக்குப் போனார். "கேமரா கார்டை நேரா சொருகலாம், பாரு. எல்லாத்தையும் விட நிறம். உன் பையில அரக்கு நூல் ஏதாவது இருக்கா?"

"இருக்கான்னு தெரியலையே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கையில் அரக்கு நூல்கண்டு இருந்தது.

கேமராவில் அதைப் படம் எடுத்தார். கார்டைப் புலியில் போட்டார். நூல்கண்டு செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. சாம்பலில் போட்டார். திரையில் இருந்த அரக்கும் கையில் இருந்த அரக்கும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இருந்தன.

"பார்த்தியா! இதுக்குப் பேருதான் தொழில் கண்ணு!"

"எனக்கென்னங்க தெரியும். ஆனா கீறல் இருக்கே?"

"கீறல் போட்டோல விழுமா?"

"லைட் எரியலையே?"

"கேமராலயே ஃப்ளாஷ் இருக்கு. லேப்டாப்ல எதுக்கு இன்னொண்ணு?"

"என் தம்பி வந்தா..."

"உன் தம்பி வந்தா புத்தகம் படிக்கட்டும்! இதுதான். முடிவு பண்ணியாச்சு. இனிமே யார் சொன்னாலும் மாத்த மாட்டேன்!"

ஆதரவுக்குக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஓடாத மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் உறுதியைக் கண்டு ஆள் மிரண்டுவிட்டான் என்று சிரிங்க சார் நினைத்தார்.

மனைவி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம். தொழில் உங்களோடது. நீங்க இதைத் தூக்கிட்டு வெளிய போங்க, நான் கணக்கை முடிச்சிட்டு வரேன்."

அவர் வாசல் படியை இறங்குவதற்குள் அவள் பின்னால் வந்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு கணம் தோன்றியது. வெற்றி மயக்கத்தில் அது காற்றோடு போயிற்று.

வெள்ளியும் சனியும் சிரிங்க சார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பழைய திரையின் பொய்யெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. ஆரஞ்சு அரக்காயிற்று. மஞ்சள்காமாலை வந்த மாதிரி இருந்த மாப்பிள்ளை குணமானார். மதில் மேல் தலை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், விமான நிலையத்தை மூடிட்டீங்களா?" என்று கேட்டார்.

"நானே தேர்ந்தெடுத்தது சார். ஒத்தை ஆளா!"

மச்சினனுக்கு வேலை மெனக்கெட்டு போன் போட்டு, "லேப்டாப் வாங்கியாச்சு. அதுல விளையாட முடியாது" என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தப் பக்கம் அவன் ஒன்றும் புரியாமல் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மணப்பெண் சண்டைக்குத் தயாராக, அந்த அரக்கு டிரெஸ்ஸையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். திரைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு படத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கூட்டத்துக்குப் பின்னால், தூணோரமாக, அவளுடைய அப்பா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா அழுதாரா சார்? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள் மெதுவாக. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தங்கச்சி கல்யாணம் உங்களுக்குத்தான் சார். தேதி குறிச்சிக்கோங்க" என்றாள்.

அவள் போன பிறகு சிரிங்க சார் தரையில் கால் பாவாமல் நடந்தார். லேப்டாப் பையைத் தடவிக்கொடுத்தார். அதன் ஓரத்துப் பாக்கெட்டில் உத்தரவாத அட்டை இருந்தது. பத்திரப்படுத்தலாம் என்று எடுத்துப் படித்தார். படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, இதுல தேதி தப்பாப் போட்டிருக்கான். செவ்வாய்க்கிழமைன்னு இருக்கு."

மனைவி மிஷினை நிறுத்தவில்லை. "சரியாத்தான் போட்டிருக்காங்க."

"நாம போனது வியாழக்கிழமை!"

"ஆமா."

"நான் தனியா போனதே புதன்கிழமைதான்!"

"தெரியும். அன்னிக்கே கடைக்காரர் போன் பண்ணிச் சொன்னார். பாவம், சிரிச்சு சிரிச்சு அவருக்குப் பேச்சே வரலை."

"அப்படின்னா செவ்வாய்க்கிழமையே நீ..."

"நூல் பெட்டியை எடுத்துட்டுப் போனேங்க. ஒவ்வொரு திரையிலயும் ஒவ்வொரு நூலா வச்சுப் பார்த்தேன். இந்தச் சாம்பல் ஒண்ணுதான் பொய் சொல்லலை. அங்கயே பணத்தைக் கட்டிட்டு வந்துட்டேன்."

சிரிங்க சார் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். உத்தரவாத அட்டையால் முகத்துக்கு விசிறிக்கொண்டார்.

"எல்லாத்தையும் முடிச்சிட்டு, வியாழக்கிழமை என்னை எதுக்கு அங்க வர விட்டே?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ரெண்டு கையிலயும் சாமான். லேப்டாப்பைத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணும்லங்க?"