ஸ்டூலுக்கு அடியில் நாலாவது படம்

எனக்குப் பார்த்த பெண்ணின் போட்டோவைக் காட்டினால், "முன்பக்கம் சரி. பக்கவாட்டுல ஒண்ணு, மேலேர்ந்து ஒண்ணு வாங்கினு வாப்பா" என்று சொன்ன மனிதர் ஆரணியிலேயே ஒருவர்தான். உச்சந்தலையைப் படம் எடுத்து எந்தப் பெண்வீட்டார் தருவார்கள்? எப்படியோ எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்கு அன்றிலிருந்து 'சைடு வியூ சார்' என்று பெயர்.

நாங்கள் இருந்தது ரைஸ் மில்களுக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறை. அவர் படம் வரைவார். அதைப் பார்த்து நான் தகடு வெட்டுவேன். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி வைத்தும் சார் பென்சிலை விடவில்லை. எதற்கும் மூன்று படம்: முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து. டீக்கடை பெஞ்சு உடைந்தபோதுகூட மூன்றும் போட்ட பிறகுதான் ஆணி அடிக்கவிட்டார். கடைக்காரர் பேஜாராகிப்போனார்.

சாய்வான பக்கம் இருந்தால் நாலாவதும் உண்டு. சாய்ந்த தகட்டை நேராக நின்று பார்த்தால் குட்டையாகத்தான் தெரியும், நாமும் அதற்கேற்பச் சாய்ந்து பார்த்தால்தான் நிஜ நீளம் என்பார். சொல்லும்போதே சாய்வார். ஒருமுறை, ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டிருந்த தன் ஸ்டூலோடு கீழே விழுந்து, எழுந்து, மீதியைச் சொன்னார்.

கல்யாணமான மறுவருஷம் நெல் கொட்டும் தொட்டி ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. நாலு பக்கமும் சாய்வு. ஏற்கெனவே இரண்டு தகட்டைக் கெடுத்திருந்தேன். இன்னொன்று கெட்டால் சொந்த ஊர் தேவிகாபுரத்துக்கே பஸ் ஏறிவிடு என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். இந்த அழகில், மூன்று படம் போதாதா என்று நாலாவதை மடித்து சாரின் ஸ்டூல் காலுக்கு அடியில் செருகிவிட்டு, முன்பக்கப் படத்தின் உயரத்தையே அளந்து நாலு தகட்டையும் வெட்டினேன்.

மில்லில் மாட்டினால், தகடு குட்டையாகி, தொட்டியின் அடிவாய் மெஷினுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. முதலாளி பட்டறைக்குள் பாய்ந்து வந்தார். யார் வெட்டியது என்று அவர் கேட்பதற்குள், சார் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "நாலாவது படம் நான்தாங்க போடல. மறந்துட்டேன்."

வாழ்நாளில் ஒரு கோடு தப்பாகப் போடாத மனுஷர். அரைமணி நேரம் திட்டு வாங்கினார். போகிற போக்கில் முதலாளி ஓர் உத்தரவும் போட்டார்: இனி சார் வரையும் ஒவ்வொரு படத்தையும் நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கண் கலங்கிப்போய் சார் முன்னால் நின்றேன். அவர் குனிந்து ஸ்டூல் காலைப் பார்த்தார்.

"இப்ப ஆடலப்பா. அது அங்கயே இருக்கட்டும்."

ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு படத்தையும் என்னிடம் நீட்டிவிட்டுக் காத்து நிற்பார். ஒன்றிலும் ஒரு தப்பு இருந்ததில்லை. கையெழுத்துப் போட எனக்குத்தான் கை கூசும்.

போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்றச் சாய்வுப் பலகை வேண்டுமாம்; நாலு படம் கொண்டுவந்திருந்தார். செக் பண்ணி சைன் போடச் சொன்னார். பார்க்காமலே போட்டேன்.

"நாலாவத பாக்காமயே போடுறியே, இன்னுமா புத்தி வரல உனக்கு?" என்று ஆரம்பித்தார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் திட்டமாட்டாரா என்றிருந்தது எனக்கு.