முப்பரிமாணக் கண்ணாடியும் மரியாதை வரிசையும்

குழந்தைகளின் வயிற்றை மனிதகுலம் தட்டையாகப் பார்த்துவந்த இருண்ட காலம், ஒரு வியாழக்கிழமை காலை, அந்த மருத்துவமனையின் பார்வையாளர் அரங்கில் முடிவுக்கு வந்தது. புது அறுவைக் கருவிக்குத் திறப்பு விழா. சிறு துளை வழியே அதன் கேமரா நுழைந்து, உள்ளிருப்பதை மேடு பள்ளத்தோடு திரையில் காட்டும். அதற்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் பெருமை ஊர்ப் பெரியவர் ஒருவரின் நான்கு வயதுப் பேத்திக்குக் கிடைத்தது. குடல்வால் அகற்ற வேண்டியிருந்தது. பெரியவருக்கு இரண்டாம் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். "எங்க வீட்டுக் குடல், நான் பின்னாடியா?" என்று கேட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார். கண்ணாடிகள் பதவி வரிசைப்படி வழங்கப்பட்டன. கடைசிக் கண்ணாடி பெரியவருக்கு.

அடுத்திருந்த அறுவை அறையிலிருந்து நர்ஸ் ஓடிவந்தார்.

"சார், ஒரு கண்ணாடி குடுங்க. டாக்டருக்கே இல்ல. திரையில எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம்."

மருத்துவமனை நிர்வாகத் தலைவர் புருவத்தை உயர்த்தினார். "டாக்டர் சிறப்பு விருந்தினரா?"

"அவருதான் சார் ஆபரேஷன் பண்றாரு."

"அது தெரியும்மா. விருந்தினரான்னு கேட்டேன்."

"அப்போ படத்தையாவது பழையபடி தட்டையா மாத்திக்கட்டுமா?"

"திறப்பு விழா அன்னிக்கா!"

அரங்கமே அதிர்ந்தது. யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. முதலில் கழற்றுகிறவர்தான் இருப்பவர்களில் சின்னவர் என்றாகிவிடாதா? பெரியவர் ஒருமுறை அறுவை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். பரம்பரை கௌரவம் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

வாசலில் நின்ற அவர் மருமகள், குழந்தையின் தாய், நேராக முன்வரிசைக்கு வந்தாள்.

"மாமா, உள்ள மயக்கத்துல கிடக்கறது உங்க பேத்தி."

"தெரியும்மா. அதனாலதான் முன்வரிசை கேட்டு வாங்கினேன்."

"சரி, இப்ப இதைக் குடுங்க."

"எல்லாரும் பாக்கறாங்க. முதல்ல தலைவர் கழட்டட்டும், அப்புறம்..."

மருமகள் காத்திருக்கவில்லை. மாமனார் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி நர்ஸிடம் நீட்டினாள். டாக்டர் போட்டுக்கொண்டார். குடல்வால் பத்திரமாக வெளியே வந்தது.

உடனே பாராட்டு விழா. டாக்டருக்கு நாற்காலி ஒதுக்கியிருக்கவில்லை. தலைவர் தழுதழுத்தார். "குழந்தையின் உயிர் காக்கத் தம் கண்ணாடியையே தியாகம் செய்த இப்பெரியவருக்கு, நிர்வாகத்தின் சார்பில் இந்தக் கேடயம்!"

கைத்தட்டல். கேடயத்தை மறுத்தால் சபைக்கு அவமரியாதை. பெரியவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்கிக்கோங்க மாமா," என்றாள் மருமகள், கடைசி வரிசைவரை கேட்கும்படி. "புள்ள கண்ணு முழிச்சு, 'தாத்தா, இதை உங்களுக்கு எதுக்குக் குடுத்தாங்க'ன்னு கேப்பா. நீங்களே சொல்லிடுங்க."