நான் நித்திரையில் எடுத்த பாடம்

நான் ஆசிரியையாகிப் பல வருடங்களாகிவிட்டன. இத்தனை காலத்தில் நான் எடுத்த பாடங்களிலேயே மிகச் சிறந்தது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் இன்றைக்கும் சொல்லப்படுவது, நான் நித்திரையாக இருந்தபோது நடந்த பாடம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (இருந்தது. முதல் ஒரு வருடம் அந்த அலுவலகத்துக்கு முன்வாசலால் போகாமல் பின் தெருவால் சுற்றிப் போனேன். பிறகு கால் வலித்தது. வெட்கத்தை விட்டுவிட்டேன்.)

அப்போது கிழக்குக் கரையில் எங்கள் வலயத்தின் வடக்குப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் புவியியலுக்கு ஆசிரியர் இல்லை. பத்தாம் தரத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தாங்களாகவே வாசித்து, தாங்களாகவே குழம்பிக்கொண்டிருந்தார்கள். ஆளை அனுப்ப வழியில்லாத வலயம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஓர்ஸ் ஹில்லில் உள்ள வலய அலுவலகத்தில் ஒரு சின்ன அறையை ஒழித்து, கமரா, மைக், பெரிய திரை எல்லாம் பூட்டினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு திரை. பக்கத்தில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏதோ ஒரு பாடத்து ஆசிரியர். இங்கிருந்து ஒருவர் படிப்பித்தால் ஏழு பள்ளிக்கூடங்களில் ஒரே நேரத்தில் பாடம் நடக்கும்.

அந்த ஒருவராக என்னைத் தெரிவு செய்தார்கள். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. எனக்குக் குரல் நல்லது என்று ஒரு பேச்சு இருந்தது. நானே பரப்பிய பேச்சாகவும் இருக்கலாம்.

அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் நசீர். கிண்ணியாவைச் சேர்ந்தவர், தொழில்நுட்ப உத்தியோகத்தர். முப்பத்தைந்து வயது இருக்கும். யாரிடமும் அதிகம் கதைக்க மாட்டார். வயர்களோடு மட்டும் மெதுவாக ஏதோ கதைத்துக்கொண்டிருப்பார். ஒத்திகைக்கு முதன்முதலாகப் போனபோது நான் கிளிப்பச்சை நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தேன். எங்கள் ஊர் உப்புவெளி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அதை வாங்கினேன். நசீர் என்னை ஒரு முறை பார்த்தார், எனக்குப் பின்னால் தொங்கிய பச்சைத் துணியை ஒரு முறை பார்த்தார்.

"டீச்சர், இந்தத் துணி மாதிரிப் பச்சையாத் தெரியிற இடமெல்லாம் கம்பியூட்டர் படத்தைப் போட்டிடும்," என்றார்.

"போடட்டும், அதுக்கென்ன?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். நீல இந்து சமுத்திரம். அதற்கு மேலே என்னுடைய தலை. கொஞ்சம் தள்ளி இரண்டு கைகள். வேறொன்றும் இல்லை. நான் தலையை ஆட்டினால் தலை மாலைதீவுப் பக்கம் மிதந்து போனது. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பயந்துவிடுவார்கள் என்று அடுத்த நாள் பழைய கத்தரிப்பூச் சேலைக்கு மாறினேன்.

ஒத்திகையில் இன்னொரு சிக்கலும் வந்தது. மெசின்கள் சூடாகக் கூடாதென்று அந்த அறையில் ஏசி எந்நேரமும் ஓடும். எனக்கோ குளிர் பட்டால் தும்மல். ஒன்று வந்தால் பின்னால் பதினைந்து வரும். பாமசியில் குளிசை வாங்கப் போனேன்.

"அக்கா, இது நித்திரை வரும். வேலையில்லாத நேரமாப் பாத்துப் போடுங்கோ," என்றார் கொடுத்தவர்.

"எனக்கு அப்பிடியெல்லாம் வராது தம்பி," என்றேன்.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான் பஸ்ஸில் நின்றுகொண்டே நித்திரை கொள்பவள். இதற்குள் பாடத்தை நினைத்து நினைத்து மூன்று நாளாகக் கண்ணும் மூடவில்லை. பாடத்தன்று காலை, பாதுகாப்புக்காக ஒன்றுக்கு இரண்டு குளிசையாகப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அன்று காலை எல்லாமே மெத்தென்று இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பஸ் யன்னலுக்கு வெளியே கடல், யாரோ இஸ்திரி போட்டு விரித்துவிட்ட மாதிரிக் கிடந்தது. வெயில் பாலில் கரைந்ததுபோல் வெள்ளையாக இறங்கியது. கொண்டக்டர் மிச்சக் காசு தந்தபோது அவருடைய கை எங்கோ தூரத்திலிருந்து நீண்டு வருவதாகப்பட்டது. 'ஆகா, மனம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது, நான் ஆயத்தமாகிவிட்டேன்' என்று நினைத்தேன். ஆயத்தமானது குளிசை.

அலுவலக வாசலில் வலயக் கல்விப் பணிப்பாளர் நின்றார். அவரைக் கண்டால் கோப்புகளே எழும்பி நிற்கும் என்று சொல்வார்கள். அவ்வளவு கண்டிப்பான அம்மா. "டீச்சர், மாகாணத்திலயிருந்து ஆக்கள் வந்திருக்கினம். பக்கத்து மண்டபத்தில இருந்து திரையில பாப்பினம். இது சரிவந்தாத்தான் இந்தப் பிள்ளையளுக்கு வருசம் முழுக்கப் பாடம். சரிவராட்டி இந்தச் சாமான் எல்லாத்தையும் கழட்டி வேற வலயத்துக்குக் குடுத்திடுவினம். விளங்குதோ?"

"ஓம் மேடம்," என்றேன். கொட்டாவி வந்தது. பணிவாகத் தலையைக் குனிவதுபோல் குனிந்து அதை விழுங்கினேன்.

பாடம் பருவக்காற்றுகள். முதல் கால்மணி நேரம் நான் நன்றாகத்தான் படிப்பித்தேன். (இதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள்.) திரையின் ஓரத்தில் ஏழு சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்பு. அதில் திரியாய் என்ற ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முன் வரிசையில் தர்சிகா என்றொரு பிள்ளை, நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டிருந்தாள். முற்றுப்புள்ளியைக்கூட நான் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல் பேனையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பிறகு கடலைப் பற்றி ஒரு படம் போட வேண்டும். நான்கு நிமிடம். நசீர் விளக்கை அணைத்தார். அறை இருண்டது. ஏசி ஊதியது. ஒலிபெருக்கியில் அலை வந்தது, போனது, வந்தது. நிற்க ஏலாமல் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன். காலுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கத்தான். தலையை நான் உட்காரச் சொல்லவேயில்லை.

அடுத்து நான் உள்துறைமுகத்தில் இருந்தேன். தண்ணீரில் மேசைகளும் வாங்குகளும் வரிசையாக மிதந்தன. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் அடிமட்டங்களால் துடுப்புப் போட்டு வந்துகொண்டிருந்தார்கள். நான் வரவு இடாப்பைத் திறந்தால் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கொக்குகளாகப் பறந்தன. எங்கேயோ ஓர் ஆண் குரல், தோணிக்கு அடியில் தண்ணீர் தட்டுவதுபோல மெதுவாக, காற்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'இந்த மனிதரை எங்கள் வலயத்துக்கு எடுக்க வேண்டும்' என்று கனவுக்குள்ளேயே தீர்மானித்தேன். அதற்குள் தண்ணீருக்கு மேலே ஒரு பஸ் வந்தது. ஏறினேன். என்னுடைய தரிப்பு கடந்து போவதுபோல் இருந்தது.

இனி வருவது பிறகு நசீர் சொல்லி எனக்குத் தெரிந்தது.

படம் முடிந்து நசீர் விளக்கைப் போட்டதும் கமரா தானாக என் பக்கம் திரும்பியது. பேசுபவரைத் தேடிப் பிடிக்கும் கமரா அது. பேசாதவரையும் பிடித்துவிட்டது. ஏழு பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் திரை நிறைய நான், வாய் திறந்தபடி, கையில் பேனையோடு. நசீர் "டீச்சர், டீச்சர்" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். என் போனுக்கு அழைத்துப் பார்த்தார். அது கைப்பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. ஓடிவந்து உலுப்பினால் அவரும் படத்தில் விழுவார், பாடம் குழம்பியது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இணைப்பை அறுத்தால் திரும்ப எடுக்க அரைமணி நேரம் வேண்டும். மாகாணத்து ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள்.

அவர் தன் மைக்கைத் திறந்து, குசுகுசுவென்று சொன்னார்: "புள்ளையள், டீச்சருக்குக் கொஞ்சம் சுகமில்ல. சத்தம் போடாதீங்க, என்ன?"

ஏழு வகுப்பும் அடங்கிவிட்டது. பெரிய அதிசயம் அதுதான். நான் விழித்திருந்தபோது அப்படி அடங்கவில்லை.

அப்போது தர்சிகா கையை உயர்த்தி, தானும் குசுகுசுத்திருக்கிறாள். "சேர், படத்தில கடல் சும்மா படுத்துக் கிடக்குது. ஆனா மார்கழியில எங்கட கடல் வீட்டு வேலி வரைக்கும் வருமே. அது ஏன்?"

நசீர் தயங்கினார். பாடம் எடுப்பது அவருடைய வேலை இல்லை. எடுத்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். ஆனால் அந்தப் பிள்ளை பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவருடைய வாப்பா கடலுக்குப் போகிறவர்.

"இப்ப அடிக்கிறது கச்சான் புள்ள, புத்தகத்துல தென்மேற்குப் பருவக்காத்து எண்டு இருக்கிறது," என்று தொடங்கினார். "அது கரையில இருந்து கடலுக்குப் போற காத்து. மழையெல்லாத்தையும் மலைக்கு அங்கால கொட்டிட்டு, வெறுங்கையோட, காய்ஞ்சு போய் எங்கட பக்கம் வரும். அதால கடல் சும்மா கிடக்கும். வாடை, அந்த வடகிழக்குக் காத்து, அப்படியில்ல. அது கடல்ல இருந்து வரும், தண்ணியையும் மழையையும் கூட்டிக்கிட்டு வரும். எங்கட வாப்பா வாடை தொடங்கினா வள்ளத்தை மேல ஏத்திடுவார்."

"எங்கட அப்பாவும்தான்," என்றது இன்னொரு சதுரத்திலிருந்து ஒரு குரல், அதுவும் குசுகுசுவென்று.

"அப்ப கச்சான் நேரம் மேற்குக் கரையில கடல் எப்பிடி இருக்கும்? நீங்க சொல்லுங்க பாப்பம்."

ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மாறி மாறிக் குசுகுசுத்தார்கள். அங்கே கடல் கொந்தளிக்கும், அதனால்தான் கச்சான் காலத்தில் அந்தப் பக்கத்து வள்ளங்கள் இங்கே வந்து, கரையில் வாடிக் கொட்டில் போட்டுத் தொழில் செய்கின்றன என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். புத்தகத்தில் மூன்று பக்கம் இருந்த விசயம் அது. இடையில் ஒரே ஒரு தடங்கல். நான் கண்ணைத் திறக்காமலே, சேலையில் குத்தியிருந்த மைக்குக்குள், "அண்ணை, இறக்கம்! இறக்கம்!" என்று பஸ்ஸை நிற்பாட்டக் கத்தினேனாம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் நின்ற சங்கீத ஆசிரியை வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாராம்.

நான் கண் விழித்தபோது திரையில் எல்லாப் பிள்ளைகளும் முன்னுக்குச் சாய்ந்து, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடடா, என் பாடத்தில் இப்படி மயங்கிப் போனார்களே என்று எனக்கு உடம்பு புல்லரித்தது. ஒரு நொடி கண் அயர்ந்திருப்பேன், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று எழும்பி, தொண்டையைச் செருமி, "ஆகவே பிள்ளைகள், இதிலிருந்து எங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டேன்.

கடைசிச் சதுரத்திலிருந்து ஒருவன் மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "டீச்சருக்குச் சரியான களைப்பு எண்டு தெரியுது."

சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது.

நசீர் இணைப்பை நிற்பாட்டிய அதே நேரம் கதவு திறந்தது. பணிப்பாளர். அறையைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஆர் அந்தப் பாடத்தை எடுத்தது?"

நசீர் எழும்பி நின்றார். முகம் வெளிறியிருந்தது. "டீச்சர்தான் மேடம் எல்லாம் ஆயத்தம் செஞ்சவ. நான் அவ தந்ததைத்தான்..." என்று இழுத்தார்.

அந்தப் பொய்க்குள் நானும் வசதியாக ஏறி உட்கார்ந்திருக்கலாம். இடம் இருந்தது. ஆனால் அந்த மனிதர் எனக்காகப் பொய் சொல்வதைப் பார்க்க முடியவில்லை.

"இல்லை மேடம். நான் நித்திரை கொண்டிட்டன். அவர்தான் எடுத்தவர். கடிதம் குடுக்கிறதெண்டா எனக்குக் குடுங்கோ. அவருக்குக் குடுக்காதைங்கோ," என்றேன். குரல் நல்லது என்று பேர் வாங்கியவளுக்கு அந்த நேரம் வந்தது ஒரு கீச்சுச் சத்தம்தான்.

பணிப்பாளர் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்தார். "நான் இந்தப் பிள்ளையளின்ரை வகுப்புகளுக்கு எத்தினை தரம் போயிருக்கிறன். பத்து நிமிசத்துக்கு மேலே ஒரு பிள்ளை சும்மா இருந்து நான் காணேல்லை. இண்டைக்கு மாகாணத்து ஆக்களும் மண்டபத்தில குசுகுசுத்துத்தான் கதைச்சவை. உங்களை எழுப்பிப்போடக் கூடாதாம்." அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சாமான்களை யாரும் கழற்றவில்லை. நசீருக்குக் கடிதம் வந்தது உண்மை. அவரை வளவாளராக, அதாவது மற்றவர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆளாக நியமித்த கடிதம். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு நாள் நான் புத்தகத்தைச் சொல்வேன், அவர் கடலைச் சொல்வார். தர்சிகா சாதாரண தரப் பரீட்சையில் புவியியலுக்கு ஏ எடுத்தபோது முதலில் அவருக்குத்தான் போன் எடுத்தாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அந்த அறைக்கோ ஒரு புதுச் சட்டம் வந்தது: 'பாடம் நடைபெறும் வேளையில் இங்கே கதிரை வைத்தல் ஆகாது.' காரணம் எழுதவில்லை. புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்பார்கள். காரணம் சொல்ல அலுவலகம் முழுவதும் போட்டி.

இவ்வளவோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கம்பியூட்டர் நடந்த எல்லாவற்றையும் தானாகப் பதிந்து வைத்திருந்தது. அது எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. என் தங்கைக்கு அப்போதுதான் பெண்பிள்ளை பிறந்திருந்தாள். எதற்கும் நித்திரை கொள்ளாத பிள்ளை. யாரோ விளையாட்டுக்கு அதைப் போட்டுவிட்டார்கள். அலைச் சத்தமும் குசுகுசுப்பும் கேட்க, இரண்டாவது நிமிடத்தில் பிள்ளை கண்ணை மூடிவிட்டாள். பிறகு ஒரு வருடம் ஒவ்வொரு மத்தியானமும் அதுதான் தாலாட்டு. 'இறக்கம்' வரும் இடத்துக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பாட்ட மட்டும் ஓர் ஆள் வேண்டும்.

அவளுக்கு இப்போது ஐந்து வயது. போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவர், "பெரியம்மா என்ன வேலை செய்யிறவ?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் யோசிக்கவேயில்லை.

"பெரியம்மா நித்திரை கொள்ளுறவ," என்றாள் பெருமையாக. "அதைப் பாக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் வருவினம்."