டீசல் வண்டிக்குப் பிடித்த பேய்

அன்று எங்கள் ஊரான பெக்கான் நானாஸில் என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: சபாபதியாகிய நான்; என் மனைவி வெள்ளையம்மா; மகன் செல்வா; நான்கு மாதங்களுக்கு முன் அவனுக்கு மனைவியாக மாசாயிலிருந்து வந்த ரூபினி; அன்னாசித் தோட்டம் வைத்திருக்கும் வாலண்டைன்; எதிர்வீட்டுக் காளியம்மா; யோங் பெங்கிலிருந்து வந்திருந்த இயந்திரச் சித்தர். வேலியோரம் இன்னும் முப்பது நாற்பது பேர். அன்று அங்கே இல்லாதவர்கள்தாம் இப்போது அதிகம் பேசுகிறார்கள். அதனால் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மனிதர்களுக்குப் பேய் ஓட்டுகிறவர்கள் நாட்டில் பெருகிவிட்டதால், இயந்திரச் சித்தர் வண்டிகளுக்கு ஓட்டினார். அதிலும் இருபது வயதைத் தாண்டிய, நான்கு சக்கரமும் இழுக்கிற டீசல் ஃபோர்வீல்களுக்கு மட்டும். எங்கள் ஊர் அன்னாசித் தோட்டங்களுக்குள் போய்வருவது அந்த மாதிரி வண்டிகள்தாம். பக்தர்களுக்குக் கேட்கவா வேண்டும்? அவர் வருகிற நாளில் கிளம்பாத வண்டிகளையெல்லாம் கயிறு கட்டி இழுத்து வந்து சாலையோரம் நிறுத்துவார்கள். கிளினிக்கில்கூட நம்மவர்கள் அவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை.

எங்கள் வண்டியின் நோய் இது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். விளக்குகள் பளிச்சென்று எரியும், ஹாரன் ஊரைக் கூட்டும், எஞ்சின் மட்டும் சுற்றாது. புது பேட்டரி போட்டோம். சில நாள் ஓடியது. மறுபடியும் 'டக்'. வண்டிக்கு உயிர் இருக்கிறது, கழுத்தைத்தான் ஏதோ பிடித்திருக்கிறது என்று சித்தர் கண்டுபிடித்தார்.

பரிகாரம் எளிது. எஞ்சின்மேல் உப்புத் தீர்த்தம் ஊற்றுவார். எலுமிச்சம்பழம் சுற்றுவார். பேய் தப்பி ஓடாமல் இருக்க, விரல் தடிமனுள்ள செம்புக் கயிற்றின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையை எஞ்சினிலும் கட்டுவார். பிறகு மந்திரம். செல்வா சாவியைத் திருப்புவான், எஞ்சின் கிளம்பிவிடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சித்தர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, தோஷம் ஏறிய பேட்டரியை ஆற்றில் விடுவதற்காகத் தம் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். வேறு பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்வது பக்தன் கடமை. மறுநாள் காலையில் பேய் திரும்பிவிடும். அது நம்முடைய நம்பிக்கைக் குறைவு.

மூன்றாம் முறையாக அன்று வந்தபோது, பூசையை முடித்து, எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கயிற்றை அவிழ்த்ததும், பேயின் முகவரியையும் சொன்னார். நான்கு மாதங்களுக்கு முன் இந்த வீட்டில் கால் வைத்த பெண்ணோடு வந்த பேயாம். அவள் ஒரு மண்டலம் தாய் வீட்டில் இருந்தால் வண்டி தானாகச் சரியாகுமாம். காளியம்மா இதைச் சித்தருக்கு முன்பே தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வெள்ளையம்மா உள்ளே போய் மருமகளின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு வந்தாள். ராசியில்லாதவள் என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பெயர் ஆயுளுக்கும் போகாது. அது தெரிந்தும், குடும்ப மானம் என்று வாழ்நாளெல்லாம் பேசிய நான், சரியென்று தலையை ஆட்டினேன். செல்வா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரூபினி பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவள். அவள் அழவில்லை. திறந்திருந்த பானட்டுக்குள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

"சாமி, நான் போறேன். அதுக்கு முன்னாடி இதே பூசைய இன்னொரு தடவ பண்ணுங்க. மந்திரம், பழம், தீர்த்தம் எல்லாம் இருக்கட்டும். அந்தச் செம்புக் கயித்த மட்டும் கட்டாதீங்க."

"கயிறு இல்லாம பேய் எப்படிம்மா அடங்கும்?"

"மந்திரத்துக்கு அடங்கும்னு நீங்கதான சொன்னீங்க. கயித்துக்குத்தான் அடங்கும்னா நீங்க எதுக்கு?"

வேலியோரத்தில் யாரோ சிரித்தார்கள். "கேக்குறது நியாயம்தான் லா. பண்ணிக் காட்டுங்க சாமி," என்றார் வாலண்டைன்.

அத்தனை பேர் முன்னால் சித்தரால் மறுக்க முடியவில்லை. மந்திரத்தை இரண்டு பங்கு நீளமாகச் சொன்னார். செல்வா சாவியைத் திருப்பினான். டக். இன்னொரு பழம் அறுத்தார். டக். நம்பிக்கையில்லாதவர்கள் சுற்றி நிற்கிறார்கள் என்று எங்களைக் குற்றம் சாட்டினார்.

வண்டிக்கு வண்டி கரண்ட் கடன் வாங்கும் கேபிள் ஒரு ஜோடி வாலண்டைனிடம் இருந்தது. ரூபினி அதில் கறுப்பு வயரை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டினாள். தீட்சை பெறாத வயர். காலில் செருப்பு வேறு. மந்திரமே இல்லை. செல்வா சாவியைத் திருப்பினான். எஞ்சின் கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

"பேட்டரியிலேருந்து எஞ்சினுக்குப் போற எர்த் வயர் இது, மாமா," என்று அடியில் அதை இறுக்கியிருந்த ஒரு போல்ட்டைக் காட்டினாள். "விளக்குக்கு பாடி வழியா வேற பாதை இருக்கு. ஸ்டார்ட்டருக்கு இது ஒண்ணுதான். இது அடைபட்டா சார்ஜும் சரியா ஏறாது. நீங்க ஆயுத பூசைக்கு வருசா வருசம் அப்புன சந்தனமும், இவரு ஊத்துன உப்பும் சேந்து அடச்சிருச்சு."

அவள் சுரண்டியபோது சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அதன் கீழே குங்குமம், அதன் கீழே பச்சை பூத்த துரு. இருபது வருடப் பக்தி.

சித்தர் வேனை நோக்கி நடந்தார். வாலண்டைன் முந்திக்கொண்டு பின்கதவைத் திறந்தார். ஆற்றில் விட்ட பேட்டரிகள் ஒரு துளி ஈரமில்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தன. ஒன்று வாலண்டைன் வண்டியிலிருந்து முன்பு போனது; அதில் அவர் தம் கையால் இட்ட சிவப்புப் பெயிண்ட் அடையாளம் இருந்தது. கூட்டம் நெருங்கியதும் சித்தர் சாதாரணச் சுகுமாரன் ஆனார். பதினோரு வருடம் லோரிப் பட்டறையில் வயரிங் வேலை பார்த்ததையும் தாமே ஒப்புக்கொண்டார். அவருக்கு அந்த போல்ட்டைத் தெரியும். எங்களையும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பழத்தைத் தலையைச் சுற்றிப் போடுகிறவர்கள், தலைக்குள் என்ன இருக்கிறது என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் பேட்டரிக்காவது கடையில் மாற்று கிடைக்கிறது.

சபாபதி வீட்டு மருமகளை மாசாய்க்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று யோங் பெங் வரைக்கும் பேச்சு இருக்கிறது. பொய். போன ஞாயிற்றுக்கிழமை மாசாய்க்குப் போனோம். அந்த வண்டியை ஓட்டியவள் ரூபினி. பக்கத்தில் செல்வா. நானும் வெள்ளையம்மாவும் பின்னால் உட்கார்ந்து போனோம், சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்க. கேட்டேன். சாயங்காலமே நான்கு பேரும் வீடு திரும்பிவிட்டோம்.