நாலு ரூபா ஏறின குத்தம்

"எனக்கு ஜோசியம் தெரியாதுங்க சார். தெரியாததுனாலதான் பேங்குல அந்த ஒப்பந்தமே போட்டேன்."

யூரோ ஏறும்னு முன்னாடியே தெரியாதான்னு கேட்டவர் ஜெனரல் மேனேஜர் திருமலை. பதில் சொன்னவர் அக்கவுண்ட்ஸ் கமலக்கண்ணன். ஓசூர் சிப்காட்டுல ஒரு கியர் கம்பெனி. விசாரணைக் கமிட்டி கூடியிருந்துச்சு. வேலை போயிடுமோன்னு கமலக்கண்ணனுக்குப் பயம்.

விஷயம் இதுதான். ஜெர்மனிக்கு அனுப்பின சரக்குக்கு மூணு மாசம் கழிச்சு ஒரு லட்சம் யூரோ வரும். அதுக்குள்ள யூரோ இறங்கிட்டா கம்பெனிக்குக் கையைக் கடிக்கும். அதனால, என்ன ஆனாலும் யூரோவுக்குத் தொண்ணூறு ரூபான்னு பேங்குகிட்ட முன்னாடியே பேசி முடிச்சுட்டார். யூரோ என்னடான்னா, எந்த மேலதிகாரிகிட்டயும் அனுமதி வாங்காம தொண்ணூத்தி நாலுக்கு ஏறிடுச்சு.

"ஆக, நாலு லட்சம் நஷ்டம்"னார் திருமலை.

"நஷ்டம் இல்லீங்க சார். ராகிக் காட்டுக்கு யானைக் காவல் போடறோம். யானை வரலைன்னு காவக்காரன் கூலியைப் பிடிப்போமா?"

திருமலைக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் இருக்கு. "போன வருசம் பிடிச்சேனே."

கமலக்கண்ணன் பழைய கணக்கை எடுத்தார். "போன தடவை யூரோ இறங்குச்சே சார். இதே ஒப்பந்தத்துலதான் ஆறு லட்சம் தப்பிச்சுது."

"அது நிர்வாகத்தோட தொலைநோக்கு"ன்னாங்க ஆடிட்டர் பிரவீனா. "அதுக்கு எம்.டி.க்கு சால்வை போட்டாச்சு."

தீர்மானம் எழுதினாங்க: "இனி யூரோ இறங்கும் காலங்களில் மட்டுமே ஒப்பந்தம் செய்யப்பட வேண்டும். இறங்கும் என்பதை, இறங்குவதற்கு முன்பே, மூன்று பிரதிகளில் உறுதி செய்ய வேண்டும். நஷ்டத் தொகை ஐந்தாண்டு காலம் ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்."

பிரவீனாவுக்கு ஒரு சந்தேகம். "நடுவுல இவர் வேற கம்பெனிக்குப் போயிட்டா? சம்பளம் கூடக் கேட்டா? நமக்கு ரிஸ்க் சார்."

"அப்ப ஒரு பாண்டு எழுதி வாங்கிடலாம். அஞ்சு வருசம், இன்னைக்கு ரேட்டு. ஊர்ல சம்பளம் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. அவரும் போகக் கூடாது, நாமளும் அனுப்பக் கூடாது."

"சார், பேங்குகிட்ட நான் போட்டதும் அச்சு அசலா இதேதானுங்களே!"

"அது வேற, இது வேறப்பா. இதுல நஷ்டமே வராது."

வேலை தப்பிச்சா போதும்டா சாமின்னு கமலக்கண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ரிசப்ஷன் முனிலட்சுமி கதவைத் திறந்தாங்க. "அண்ணா, உங்களுக்குப் போன். சூளகிரி கம்பெனியாம். போன மாசம் இன்டர்வியூ போனீங்களாமே, ஒன்றரை மடங்கு சம்பளத்துக்கு எடுத்துக்கறாங்களாம். சீக்கிரம் வாங்க."

"ஐயோ, நஷ்டமாப் போச்சே!" கமலக்கண்ணனுக்கு வாய் தவறி வந்துடுச்சு.

பிரவீனா அதையும் மினிட்ஸ்ல ஏத்திக்கிட்டாங்க. அவர் எந்திரிச்சு போனை எடுக்கப் போனார்.