ஜல்தியின் பட்டு பிரேக்

ஆரணியில் பிறந்தவர்களிலேயே நிற்கத் தெரியாத ஒரே மனிதர் ஜல்திதான். நடக்கத் தொடங்கினால் நிற்க மாட்டார். பேசத் தொடங்கினாலும் அப்படியே. சைக்கிளில் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருந்தது. ரேஷன் கடைக்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பட்டுத் தறியின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு, சேலைக்குள் மயிலையும் மாங்காயையும் இறக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். என்ன கோளாறு என்று நெசவாளர் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியைக் கழற்றிவிடுவார். சில சமயம் அது நல்ல பெட்டியாக இருக்கும்.

"அய்யோ, இது இல்லீங்க, பக்கத்துத் தறி!"

"வுடுங்க. இதுவும் ஒருநாள் கெட்டுப்போவத்தானே போவுது?"

அவருடைய கல்யாணக் கதையை அவர் மனைவி ருக்மணி அக்கா கேட்காமலே சொல்வார். "மேளக்காரன் குச்சிய எடுக்கறதுக்குள்ள மூணு முடிச்சும் போட்டுட்டாரு. ஐயரு கெட்டிமேளம்னு கையத் தூக்கறப்போ, இவரு பந்தியில உக்காந்துகினு இருக்காரு."

சைக்கிள் வாங்கிய அன்றே அதன் பிரேக்குகளைக் கழற்றிப் பரணில் போட்டவர் ஜல்தி. அதற்கு அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. "பிரேக்கு இருக்குதுன்ற தைரியத்துலதான் மனுஷன் கண்ண மூடிகினு போறான். இல்லன்னு வை, ஒழுங்கா பாத்துப் போவான்." வீடு வந்ததும் வாசலிலிருந்த மின்கம்பத்தை இடது கையால் பிடிப்பார், அதை ஒரு சுற்றுச் சுற்றுவார், இறங்குவார். பல வருடப் பிடியில் அந்த இரும்புக் கம்பத்தில் மார்புயரத்தில் ஒரு பட்டை மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த நான் அதைத் தினமும் பார்ப்பேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜல்தி இறங்கி நடப்பார். வெயில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் தெருவில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகள் அத்தனையையும் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சிக்கலை எடுத்து, கோலில் சுற்றும் வேலை அது. பாவு தெருவில் இருக்கும்வரை பால்காரர் மணி அடிக்க மாட்டார். சண்டை போடுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போடுவார்கள். மாடுகூட அடுத்த தெரு வழியாகப் போகும். ஜல்தியும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவர் ஓரமாகப் பூனை மாதிரி போவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் கேபிள் டிவி வந்தது. அதில் ஏதோ ஒரு வெளிநாட்டு மலைச்சரிவில் பெரிய பெரிய ஆட்கள் எஞ்சின் இல்லாத வண்டிகளில் உருண்டு வருவதை ஜல்தி பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பித்துதான் பின்னால் நடந்ததெல்லாம்.

முள்ளிப்பட்டில் யாரோ கழித்துப்போட்ட தறியின் கட்டைகள் வந்தன. லாரி ஷெட்டிலிருந்து பேரிங்குகள் வந்தன. பின்னால் இரண்டு பழைய ஸ்கூட்டர் சக்கரம், அவற்றுக்கு அச்சாகத் தறியின் உருளைக்கட்டை, உட்கார கால் வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, திருப்ப ஒரு ஸ்டீயரிங். எங்கள் ஊர் பையன்கள் ஓட்டும் பேரிங் வண்டியின் பெரியப்பா மாதிரி இருந்தது. அப்படி யாராவது சொன்னால் ஜல்திக்குக் கோபம் வரும். "கோ-கார்ட்டுன்னு சொல்லு."

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "பிரேக்கு எங்க?"

"கோ-கார்ட்டுன்னா போன்னு அர்த்தம். நில்லுன்னு அர்த்தமில்ல."

அதைக் கேட்ட ருக்மணி அக்கா உள்ளே போனார். கண்ணமங்கலத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகப் பையை எடுத்து வாசலில் வைத்தார். "பிரேக்கு வெச்சா பை உள்ள வரும். வெக்கலன்னா நான் வெளிய போவேன்."

ஜல்தி பணிந்தார். ஆனால் பணிவதிலும் ஒரு கௌரவம் பார்த்தார். தறியில் பாவு உருளை தானாகச் சுழன்றுவிடாமல் இருக்க, அதில் கயிற்றைச் சுற்றி இறுக்கி வைப்பார்கள். அதே ஏற்பாட்டை வண்டியின் அச்சில் செய்தார். தறியிலிருந்து கழற்றிப் பொருத்திய மிதிப்பலகையை மிதித்தால் கயிறு இறுகும், அச்சு நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், பட்டு ஊரில் ஓடும் முதல் கோ-கார்ட்டுக்குத் தேங்காய்நார்க் கயிறா என்று யோசித்தவர், கழிவுப் பட்டு நூலை முறுக்கி விரல் கனத்தில் ஒரு கயிறு திரித்துவிட்டார்.

அதற்குப் பரிசோதனையும் நடந்தது. வீட்டு உத்திரத்தில் அந்தக் கயிற்றைக் கட்டி அம்மிக்கல்லைத் தொங்கவிட்டார். கல் ஒருநாள் முழுக்கத் தொங்கியது. ருக்மணி அக்கா பக்கத்து வீட்டில் போய்ச் சட்னி அரைத்தார். தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது.

"பட்டு அறுமா? சொல்லுங்க, அறுமா?"

"அறாது" என்றது தெரு. பட்டைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் வேறு பதில் சொல்லிக் கேட்டதில்லை.

சைக்கிள் கடை பாய் மட்டும் தலையைச் சொறிந்தார். "அறாது ஜல்தி, சரி. புடிக்குமா?"

தெருவே அவரை ஒரு மாதிரி பார்த்தது. "பாய், பஞ்சர் ஒட்டற வேலைய பாருங்க பாய். பட்டப் பத்தி எங்ககிட்டயா?" என்றார் கோதண்டம்.

கோதண்டம் எங்கள் தெருவின் கீழ்க்கோடியில் இருந்த நெசவாளர். காலமெல்லாம் அடுத்த வீட்டுப் பெண்களுக்கு முகூர்த்தச் சேலை நெய்தவர், அந்த ஆண்டு தன் மகள் செல்விக்கு ஒன்று நெய்யவிருந்தார். வீடே ஒரு தீபாவளிக்குத் துணி எடுக்காமல் சேர்த்த பட்டு. அரக்கு நிறம், செல்வியே தேர்ந்தெடுத்தது. கீழ்முனையில் இருந்த சாயப்பட்டறையில் தோய்த்து வந்து பாவாகவும் ஓட்டியாகிவிட்டது. அந்தப் பாவை நீட்டும் நாளும் ஜல்தியின் வெள்ளோட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

பேசித் தீர்த்துக்கொண்டார்கள். முதலில் விடியற்காலையில் வண்டி. அது போன பிறகு பாவு.

பிறந்ததிலிருந்து எதற்கும் தாமதமாகாத ஜல்தி, அன்றைக்குத் தாமதமானார். காரணம் பிரேக்தான். கயிற்றை இறுக்கினார், அவிழ்த்தார், மறுபடி இறுக்கினார். ருக்மணி அக்கா அதற்குக் குங்குமம் வைத்தார். அச்சு கிறீச்சிடுகிறது என்று ஜல்தி அதற்கு விளக்கெண்ணெய் விட்டார்.

கீழ்முனையில் கோதண்டம் காத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தார். "ஜல்தி லேட்டா வர்ற ஆளா? வரலன்னா இன்னிக்கி வரமாட்டான்னு அர்த்தம். பாவ இழுங்க."

தெருவின் மேல்முனையில் தண்ணீர்த்தொட்டி. அங்கிருந்து ஒரு சரிவு, ஜல்தியின் வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. வளைவைத் தாண்டாமல் கீழ்முனை தெரியாது. சக்கரத்துக்குக் கீழே வைத்த கல்லை ஜல்தி காலால் தள்ளிய சத்தம் மாடியில் இருந்த எனக்குக் கேட்டது. பேரிங் சத்தம் அதற்குப் பிறகு வேறு எதையும் கேட்க விடவில்லை.

வளைவில் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. எதிரே, தெருவின் நடுவே, காலை வெயிலில் அரக்குப் பட்டு நீண்டு கிடந்தது. அதன் இந்த முனையில் இழை முடிந்துகொண்டு நின்றாள் செல்வி.

ஜல்தி மிதித்தார். கயிறு அறவில்லை, பட்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஆனால் வழவழத்த கட்டையில், விளக்கெண்ணெயில், அது வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜல்தி அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நில்லு! ஏய், நில்லு!"

வண்டி அதைக் காதில் வாங்கவில்லை.

"ஜல்தி! பாவு! பாவு!" என்று அலறினார் கோதண்டம். தெருவே பாவைக் காக்க ஓடிவந்தது. ஜல்தியைக் காக்க ஓடியவர்கள் யாரும் இல்லை. அவரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவருடைய மின்கம்பம் வந்தது. இடது கை பழக்கத்தில் தானாக நீண்டதை மேலிருந்து பார்த்தேன். மின்னும் அந்தப் பட்டையை விரல்கள் தொட்டுக்கூட விட்டன. பிறகு கையை இழுத்துக்கொண்டார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை ஒடித்தார். செல்விக்கு ஓர் ஆள் தூரத்தில் வண்டி பக்கவாட்டில் திரும்பி, தெருவோரம் ஓடும் சாயப்பட்டறைக் கால்வாய்க்குள் நாற்காலியோடு இறங்கியது.

அவரைத் தூக்கி வெளியே நிறுத்தியபோது ஜல்தி தலைமுதல் கால்வரை அரக்கு நிறத்தில் இருந்தார். ஒரு கை கோணலாகத் தொங்கியது. பாவில் ஓர் இழை அறவில்லை. கோதண்டம் பாவையும் பார்த்தார், ஜல்தியையும் பார்த்தார். பிறகு தொழில்காரராகவே பேசினார். "சாயம் நல்லா ஏறிக்கீது."

ஜல்தி சுற்றிலும் கூட்டத்தில் யாரையோ தேடினார். "பாய், நீ சொன்னது கரெக்டு. புடிக்கல."

ருக்மணி அக்கா திட்டிக்கொண்டே அவரை எலும்புக்குக் கட்டுப்போட ஆந்திரா பக்கம் புத்தூருக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "கம்பத்தைத் தொட்டீங்களே, ஏன் பிடிக்கலை?"

"நான் நின்னுடுவேன், சார். வண்டி நிக்குமா?"

செல்வியின் கல்யாணம் வரைக்கும் அவருடைய காதுகளில் அரக்கு போகவில்லை. மண்டபத்தில் மணப்பெண்ணின் சேலையும் அவருடைய காதுகளும் ஒரே நிறம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவசரப்படாத தம்பி. மேளம் அடிக்கட்டும்." ருக்மணி அக்கா திரும்பிப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் சொல் இல்லை.

தாலி ஏறியதும் செல்வி பெற்றவர்களை வணங்கிவிட்டு நேராக ஜல்தியின் காலில் வந்து விழுந்தாள். கட்டுப்போடாத கையை அவள் தலைமேல் வைத்தார். வரிசையில் அடுத்து ஆட்கள் காத்திருந்தார்கள், பந்திக்குக் கூப்பிட்டார்கள். ஜல்தி அந்தக் கையை எடுக்கவே இல்லை.